முதல் சொன்ன வாய்க்குச் சீனி

எங்கள் கரையில் ஒரு வழக்கம் இருந்தது. தூர தேசம் போன கப்பல் திரும்பி வருவதை முதலில் கண்டு வந்து சொல்கிறவர் எவரோ, அவரை வாயைத் திறக்கச் சொல்லி, கப்பலில் போனவரின் வீட்டுக்காரி ஒரு சிட்டிகை சீனி போடுவாள். சொன்னவர் சிறுபிள்ளையா, கிழவரா, ஆகாதவரா என்று பார்ப்பதில்லை. வேலிச் சண்டையில் வருடக்கணக்காக முகம் பார்க்காதவர்கள்கூட அன்றைக்கு வாயைத் திறந்து சீனி வாங்கிக்கொண்டு போனதை நான் கண்டிருக்கிறேன். மறுநாள் சண்டை விட்ட இடத்திலிருந்து தொடங்கும், அது வேறு விஷயம்.

கப்பல் என்றதும் புகை கக்கும் இரும்புக் கப்பலை நினைக்க வேண்டாம். நான் சொல்வது முப்பதுகளில் ஓடிய பாய்க்கப்பல்களை. பருத்தித்துறைக்கு மேற்கே உள்ள எங்கள் கரையிலிருந்து அவை வைகாசிக்குப் பிறகு தென்மேற்கிலிருந்து வீசும் சோழகக் காற்றோடு ரங்கூனுக்குப் போகும். மாரி முடிய, வாடைக் காற்றோடு அரிசியும் தேக்கும் ஏற்றிக்கொண்டு திரும்பும். இடையில் போனவர்களைப் பற்றி ஒரு சொல் வராது. ஆகவே தை பிறந்தால் கரையிலுள்ள பெண்களின் கண்ணெல்லாம் கடலில்தான். அடுப்பில் கறி கருகினாலும் தெரியாது.

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். என் கண் கூர்மையான கண், அதில் எனக்கு மண்டைக்கனமும் உண்டு. யாரோ வீடு கட்டவென்று கடலில் எடுத்த முருகைக்கல்லைக் கொண்டுவந்து கரையில் குவித்துவிட்டு, கட்டாமலே விட்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் இல்லாத காலைகளில் அந்தக் குவியலின் மேல் ஏறி நிற்பேன். அடிவானத்தில் நகத்துண்டளவு பாய் தெரியும்போதே இது இன்னார் கப்பல் என்று சொல்லிவிடுவேன். பாயின் நிறமும் ஒட்டுப் போட்ட இடங்களும் எனக்கு மனப்பாடம். உடனே அந்த வீட்டுக்கு ஓட்டம். "உவள் கப்பல் பாக்கப் போறாளோ, சீனி தின்னப் போறாளோ?" என்று அம்மா பகிடி பண்ணுவார்.

ஐயா, அதாவது என் தகப்பனார், ஒரு தண்டையல். கப்பலை நடத்துகிறவரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வது. பக்கத்து வளவுக்காரரும் தண்டையல்தான், ஐயாவைவிட இளையவர். ஐயாவை அவர் 'அண்ணை' என்று கூப்பிட்டபடியால் எனக்கு அவர் குஞ்சையா, அவர் மனைவி குஞ்சம்மா. இரத்த உறவு கிடையாது. இரண்டு வளவுக்கும் நடுவேலியில் ஆள் குனிந்து போகுமளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது, அதுதான் உறவு. அந்த ஓட்டையால் நெருப்பும் உப்பும் மீன்கறியும் போய்வந்தன. கிணறும் இரண்டு வீட்டுக்கும் பொது.

இருவரின் கப்பல்களும் இரட்டைப் பிள்ளைகள். ஒரே ஓடாவியார் ஒரே அளவில் கட்டிக் கொடுத்தவை. கடலில் நிற்கும்போது எது எவருடையது என்று ஊரில் பலருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஐயாவின் பெரிய பாயில் ஒரு காவி நிற ஒட்டு இருந்தது. ஒரு சித்திரையில் பாய்களை வளவுக்குள் விரித்து ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது, ஆள் பற்றாமல் அம்மாவும் ஊசி எடுத்தார். மீன் வெட்டுகிற கையால் பாய் தைத்தால் எப்படி இருக்கும்? ஒரு பக்கம் அகன்று, ஒரு பக்கம் ஒடுங்கி, வால்போல ஒன்று இழுபட்டு, கோணல்மாணலாக வந்தது. ஐயா இடுப்பில் கை வைத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்சை வந்து பார் பிள்ளை. உன்ரை அம்மா பருத்தித்துறையிலை இருந்து சாவகச்சேரி மட்டும் ஒரு படம் கீறி வைச்சிருக்கிறா. இனி எனக்கு வழி தப்பாது."

அம்மா ஊசியை ஓங்கிக்கொண்டு துரத்தினார். தையல் மட்டும் பிறகு எந்தக் காற்றுக்கும் இளகவில்லை.

அந்த மாசி மாதக் காலையில் நான் கண்டது அந்த ஒட்டைத்தான்.

எனக்கு இன்றைக்கும் அந்தக் காலை ஒவ்வொன்றாக நினைவிருக்கிறது. முதலில் வெள்ளைத் துண்டு. பிறகு அதன் கீழ்மூலையில் ஒரு மங்கல். கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். அகன்ற பக்கம், ஒடுங்கிய பக்கம், வால். கல்லிலிருந்து இறங்கும்போது முழங்கால் தோல் போனது வீட்டு வேலிக் கதவான படலையில் வந்து நின்ற பிறகுதான் தெரிந்தது. "ஐயா வாறார்!" என்று கத்தினேன். அம்மா சீனிப் பேணியை எடுத்தார். சிட்டிகை அல்ல, கை நிறைய அள்ளி என் வாயில் போட்டார். பாதி என் சட்டையில் கொட்டியது. பிறகு முற்றம் கூட்டி, கோலம் போட்டு, வாசலில் நிறைகுடம் வைத்தார். ஐயாவுக்குப் பிடித்த இறால் குழம்பு அடுப்பில் ஏறியது. எண்ணெய் வழியத் தலை வாரி, பெட்டிக்குள் இருந்த நல்ல சேலையை உடுத்துக்கொண்டு வந்து நின்றபோது, அம்மா இவ்வளவு வடிவு என்பது எனக்கே புதிதாக இருந்தது.

கப்பல் தூரத்தில் நங்கூரமிட, வள்ளம் கரைக்கு வந்தது. அதிலிருந்து குதித்தவர் குஞ்சையா.

அவர் தன் வீட்டுக்குப் போகவில்லை. நிறைமாதக் கர்ப்பிணியாகக் குஞ்சம்மா தன் படலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவரைக் கடந்து நேரே எங்கள் வாசலுக்கு வந்தார். நிறைகுடத்தைக் கண்டதும் அவர் கால் அப்படியே நின்றுவிட்டது.

"அக்கா, அண்ணை சுகமா இருக்கிறார். முதல் அதைக் கேளுங்கோ," என்றார். "காக்கிநாடாவிலை நிக்கிறார். கப்பலிலை ஒழுக்கு. அதை அடைக்க ரெண்டு மூண்டு கிழமை செல்லும். என்ரை பெரிய பாய் புயலிலை கிழிஞ்சு, நானும் அங்கைதான் ஒதுங்கினனான். அண்ணைதான் தன்ரை பாயைக் கழட்டித் தந்தவர். 'உன்ரை மனிசிக்கு மாசம் வந்திட்டுது, நீ இதைக் கட்டிக்கொண்டு வெளிக்கிடு, நான் உன்ரை பாயைத் தைச்சுக் கட்டிக்கொண்டு பின்னாலை வாறன்' எண்டார். நான் மாட்டன் எண்டுதான் நிண்டனான். ஏசிக் கலைச்சுப்போட்டார்."

"அந்தாள் ஆரைத்தான் ஏசேல்லை," என்றார் அம்மா.

"இன்னொண்டும் சொன்னவர். பிள்ளை பிறக்கேக்கை தகப்பன் பக்கத்திலை நிக்கோணுமாம். தான் நிக்கேல்லையெண்டு நீங்கள் இண்டைக்கும் சொல்லிக் காட்டுறியளாம்."

அம்மா சிரித்துவிட்டார். நான் பிறந்தபோது ஐயா ரங்கூனில் நின்றது எங்கள் வீட்டில் ஓயாத வழக்கு. "அதையும் சொல்லிப்போட்டுதோ அந்த மனிசன்? சரி, நீ உதிலை நிண்டு என்ன செய்யிறாய்? வீட்டை போ தம்பி. அவள் வயித்தையும் தூக்கிக்கொண்டு எவ்வளவு நேரம் நிக்கிறது?"

அவர் போன பிறகு அம்மா இறால் குழம்பைச் சட்டியோடு வேலி ஓட்டையால் குஞ்சம்மாவிடம் நீட்டினார். நல்ல சேலையைக் களையவில்லை. அன்று பொழுதுபடும் மட்டும் அதோடுதான் வேலை செய்தார்.

சில நாளில் குஞ்சம்மாவுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. தகப்பன் பக்கத்தில் நின்றார். அம்மா எனக்குக் கற்கண்டு தந்து, ஐயா வந்ததும் இந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் அவர் மடியில் போட வேண்டும் என்றார். நான் நாளும் கல்லில் ஏறி நின்றேன். காவி ஒட்டில்லாத பாய் ஒன்றை, குஞ்சையாவின் பாயை, தேடிக்கொண்டு நின்றேன்.

பங்குனியில் காக்கிநாடாவிலிருந்து வேறொரு கப்பல் வந்தது. அதில் வந்த ஒருவர் எங்கள் படலையில் நின்று, "உங்கடை ஆக்கள் எங்களுக்கு முதலே வெளிக்கிட்டவை. இன்னும் வரேல்லையோ?" என்று கேட்டார். கேட்டவுடனேயே தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

நடுக்கடலில் புயல் அடித்ததாகச் சொன்னார்கள். ஒரு பலகைகூட எங்கும் ஒதுங்கவில்லை. ஒதுங்கியிருந்தால் அழுதிருக்கலாம். ஊர் இரண்டாகப் பிரிந்து கதைத்தது. இறந்தவருக்கான காரியத்தைச் செய்து முடிப்பதுதான் முறை என்று ஒரு பக்கம். மூன்று வருடம் கழித்துத் திரும்பிவந்தவர்கள் இல்லையா என்று மறுபக்கம். அம்மா இரண்டு பக்கத்துக்கும் தேத்தண்ணீர் வைத்துக் கொடுத்தார். குங்குமத்தை அழிக்கவில்லை. பூ வைக்கவும் இல்லை. பாயைக் கழற்றிக் கொடுக்காமல் இருந்திருந்தால் ஆள் தப்பியிருக்கும் என்றும் சிலர் கதைத்தார்கள். கிழிந்து தைத்த பாய் புயலுக்கு எப்படித் தாக்குப் பிடிக்கும்? இந்தக் கதை குஞ்சையாவின் காதிலும் விழுந்திருக்கும். அந்த வருடம் அவர் கப்பலை எடுக்கவில்லை. ஐயாவின் பாயைச் சுருட்டித் தன் வீட்டுக் கூரையின் முகட்டு வளையில் கட்டித் தூக்கிவிட்டார். அதைக் கட்டிக் கடலுக்குப் போகவும் அவருக்கு மனம் இல்லை. கொண்டுவந்து எங்களிடம் தரவும் துணிவில்லை. தந்தால், இனி அண்ணை வரமாட்டார் என்று சொன்னதாகிவிடும் அல்லவா?

வைகாசியில் நாகபட்டினம் போன கப்பல் ஒன்று திரும்பியது. பழக்க தோஷம், கண்டதும் அந்த வீட்டுக்கு ஓடினேன். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். முகத்தில் எழும்பிய சிரிப்பை என் கண் முன்னாலேயே விழுங்கினாள். விழுங்கிவிட்டு, கண் கலங்கி, என் தலையைத் தடவி, சீனி போட்டாள். அந்தச் சீனியை எனக்கு விழுங்கத் தெரியவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் மணலில் துப்பிவிட்டேன். அதன் பிறகு கல்லில் ஏறுவதை விட்டேன்.

ஊர் எங்களைக் கைவிட்டது என்று சொன்னால் என் நாக்கு அழுகும். மீன் வந்தது, தேங்காய் வந்தது, வேலி அடைக்க ஆள் வந்தது. வராதது சிரிப்பு ஒன்றுதான். நான் போனால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பகிடியைப் பாதியில் நிறுத்தினார்கள். அம்மா கிணற்றடிக்குப் போனால் குஞ்சம்மாவின் தாலாட்டு நின்றது. செத்தவீட்டுக்கு யாரும் சொல்லாமலே போகலாம், நல்ல காரியத்துக்கு வீட்டுக்காரர் வந்து சொன்னால்தான் போக வேண்டும் என்பது எங்கள் பக்கத்து நியாயம். எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. கெட்ட எண்ணமில்லை, இவள் மனம் நோகும் என்ற நல்ல எண்ணம்தான். துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு போனார்கள். எங்கள் வீட்டில் சத்தமாகக் கதைத்தது காகம் மட்டும்தான். தனிமை என்றால் ஆளில்லாமல் இருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது அந்த வருடத்திலிருந்து வேறு பொருள்.

குஞ்சம்மாவின் பிள்ளை மட்டும் வேலியைத் தாண்டிச் சிரித்தது. அதை எனக்குப் பிடிக்கவில்லை. அது சிரிக்கும்போதெல்லாம் குஞ்சம்மா சேலைத் தலைப்பால் அதன் வாயை மூடுவதைக் கிணற்றடியில் பல தடவை கண்டேன். எங்கள் கண் பட்டுவிடும் என்று மறைக்கிறார் என நினைத்து எனக்கு நெஞ்சு எரிந்தது. என்ன கண்ணூறு? எங்கள் பாயில் வந்த தகப்பனை வைத்துக்கொண்டு எங்களுக்கே மறைப்பா? வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா அதைக் கேட்டுக்கொண்டே அரிசி கொழித்தார்.

ஐப்பசி. மழை விட்டிருந்த ஒரு பின்னேரம். அம்மா விறாந்தையில் பயறு புடைத்துக்கொண்டிருந்தார். வேலி ஓட்டைக்குள்ளால் முதலில் ஒரு கை வந்தது, பிறகு சேறு பூசிய ஒரு முகம். பிள்ளை தவழ்ந்து தவழ்ந்து நேரே அம்மாவிடம் வந்து, சுளகைப் பிடித்துக்கொண்டு எழும்பப் பார்த்தது. பயறெல்லாம் கொட்டுண்டது. அம்மா அதைத் தூக்கி மடியில் வைத்தார். பிறந்த புதிதில் தூக்கியதற்குப் பிறகு அன்றைக்குத்தான். அது அம்மாவின் விரலைப் பிடித்து வாய்க்குள் வைத்தது.

அம்மா "ஸ்ஸ்" என்று கையை இழுத்தார். பிறகு அதன் கீழுதட்டை மெல்ல இறக்கிப் பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டு பற்கள். குறுணல் அரிசியைப் போல.

"இவளுக்குப் பல்லுக்கொழுக்கட்டை கொட்டினவையோ?" என்று அம்மா கேட்டார்.

"இல்லை," என்றேன்.

எங்கள் ஊரில் பிள்ளைக்கு முதற்பல் முளைத்தால் ஒளித்து வைக்கிற வழக்கம் இல்லை. சின்னச் சின்னக் கொழுக்கட்டை அவித்து, தேங்காய்ச் சொட்டைப் பல்லாகக் குத்தி, பிள்ளையை ஒரு துணியில் இருத்தி, அதன் தலையில் கொட்டுவார்கள். சுற்றியிருக்கிற பிள்ளைகள் உருண்டு விழுவதைப் பொறுக்கித் தின்னும். அயலெல்லாம் கூடி ஒரே ஆரவாரமாக இருக்கும். அந்த வீட்டில் பல் முளைத்து எத்தனையோ நாளாகியும் ஒருவருக்கும் தெரியாது. கிணற்றடியில் சேலைத் தலைப்பு மூடியது இதைத்தான். எங்கள் கண்ணுக்குப் பயந்து அல்ல. நாங்கள் பார்த்து, எங்கள் வீட்டில் இல்லாத ஒன்றை நினைப்போம் என்று பயந்து.

அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழும்பினார். அதைக் கழுவித் துடைத்து ஓட்டையால் விட்டுவிட்டு வந்து அரிசியை ஊறப்போட்டார். அன்று இரவு எங்கள் வீட்டில் உலக்கைச் சத்தம் கேட்டது. மறுநாள் காலையில் பயறும் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் கலந்த வாசம் அடுக்களையில் எழும்பியதும் எனக்குப் பசியும் கோபமும் சேர்ந்து வந்தன.

"எங்களை ஒருத்தரும் கூப்பிடேல்லை. ஏன் போறியள்?"

அம்மா கொழுக்கட்டைக்குப் பல் குத்திக்கொண்டே சொன்னார்: "கூப்பிட்டால்தான் போறதெண்டால், இனி நாங்கள் செத்தவீட்டுக்கு மட்டுந்தான் போகலாம். கெதியாய் முகத்தைக் கழுவு."

சுளகில் கொழுக்கட்டையைப் பரப்பி வாழையிலையால் மூடி, அம்மா குனிந்து வேலி ஓட்டையால் போனார். நான் பின்னால் போனேன். குஞ்சம்மா சுளகைக் கண்டார். இலையை விலக்கிப் பார்த்தார். அடுத்த கணம் அம்மாவின் தோளில் விழுந்து அழத் தொடங்கினார்.

"உங்களுக்கு நோகுமெண்டுதான் அக்கா..."

"நோகும்தான். ஒளிச்சால் மட்டும் நோகாதோ? அழுதது காணும், பிள்ளையைக் கொண்டா." அம்மா முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார். விறாந்தைத் தூணோடு நின்ற குஞ்சையாவிடம், "தம்பி, அந்தப் பாயை இறக்கு," என்றார்.

குஞ்சையா தூணைப் பிடித்துக்கொண்டார். "அது வேண்டாம் அக்கா. அண்ணை வந்து கேக்கேக்கை குடுக்கவெண்டு வைச்சிருக்கிறன்."

"இறக்கு. பிள்ளையை அதிலைதான் இருத்தப்போறன்."

"அக்கா, என்னாலை ஏலாது. அதைப் பாத்தாலே..."

அப்போதுதான் அம்மாவின் குரல் உயர்ந்தது. மாதக்கணக்காக ஒருவரும் சத்தமாகக் கதைக்காத எங்கள் இரண்டு வளவுக்கும் அது கேட்டது.

"அந்தாள் பாயைக் கழட்டித் தந்தது முகட்டிலை கட்டித் தூக்கவோ? இந்தப் பிள்ளையின்ரை முகத்தை நீ பாக்கவேணும் எண்டுதானே தந்தது! இந்தப் பல்லு அந்தாள் தந்த பல்லு. அந்தாளாலை பாக்க ஏலாது. நானும் பாக்காட்டி, அந்தாள் செய்ததை ஆர் பாக்கிறது?"

குஞ்சையா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு ஏணியை எடுத்தார். பாய் கீழே வந்தது. முற்றம் போதாமல் பாதியை மடித்து விரித்தோம். உப்பும் புழுக்கமும் கலந்த ஒரு மணம் வந்தது. அது ஐயாவின் மணம். கடலிலிருந்து வந்து என்னைத் தூக்கும்போது அவர் சட்டையில் இருக்கும் மணம். நான் வேலிப் பக்கம் ஓடிப்போய் நின்றுவிட்டேன்.

அம்மா பிள்ளையைக் காவி ஒட்டின் மேல் இருத்தினார். முன்னால் வழக்கப்படி ஒரு புத்தகம், கத்தரிக்கோல், குஞ்சம்மாவின் காப்பு எல்லாம் வைத்தார்கள். அது எதைத் தொடுகிறதோ அப்படி வரும் என்பது நம்பிக்கை. அம்மா சுளகைத் தூக்கிக் கொட்டினார். கொழுக்கட்டைகள் தலையிலும் தோளிலும் பட்டுத் தெறித்து உருண்டன. பிள்ளை திடுக்கிட்டது, அழப்போகிறது என்று நினைத்தோம். அது அழவில்லை. புத்தகத்தைப் பார்க்கவில்லை, காப்பைப் பார்க்கவில்லை. குனிந்து, தான் இருந்த பாயின் ஒட்டு விளிம்பை இரு கையாலும் பிடித்து வாயில் வைத்து, அந்த இரண்டு பல்லாலும் கடித்து இழுத்தது. முகம் சிவக்கச் சிவக்க இழுத்தது.

"கடியடி, கடி! நல்லாக் கடி!" என்றார் அம்மா. "எந்தக் காத்துக்கும் இளகேல்லை என்ரை தையல், உன்ரை பல்லுக்கோ இளகப்போகுது?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். வாய்விட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய வழியச் சிரித்தார். குஞ்சம்மாவும் சிரித்தார். குஞ்சையா சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் ஏதோ ஒரு சத்தம் போட்டார். சத்தம் கேட்டு அயலுக்குள் நின்ற பெண்கள் படலையில் எட்டிப் பார்த்தார்கள். அம்மாவைக் கண்டதும் வழக்கம்போல முகத்தைச் சுருக்கப் பார்த்தவர்களை, "வாருங்கோ வாருங்கோ, பல்லு முளைச்சிட்டுது!" என்று அம்மாதான் கூப்பிட்டார். நல்ல காரியத்துக்குச் சொல்ல வேண்டும் அல்லவா, சொல்லிவிட்டார்.

நானும் கடைசியில் வேலியை விட்டு வந்து ஒரு கொழுக்கட்டையைப் பொறுக்கினேன். மணல் ஒட்டியிருந்தது. தின்றேன். நல்ல ருசிதான்.

எல்லாம் முடிந்து புறப்படும்போது அம்மா குஞ்சையாவிடம் சொன்னார்: "வாற சோழகத்துக்கு உந்தப் பாயைக் கட்டிக்கொண்டு போ. முகட்டிலை கிடந்தால் எலி கடிக்கும்." என்னிடம், வீட்டுக்கு வந்த பிறகு: "தை பிறந்தால் நீ பழையபடி கல்லிலை ஏறி நில். ஆரின்ரை கப்பல் வந்தாலும் அந்த வீட்டிலை சொல்லிப்போட்டு எனக்கும் வந்து சொல்லு. அவையள் சீனி போடட்டும், போடாமல் விடட்டும். நான் போடுறன்."

அப்படியே நடந்தது. என்னைக் கண்டு சிரிப்பை விழுங்கினவர்களுக்கு, பின்னாலேயே சிரித்துக்கொண்டு வருகிற அம்மாவைக் கண்டு விழுங்க முடியவில்லை. பிறகு நான் உடுவிலுக்கு விடுதியில் நின்று படிக்கப் போனேன். படிப்பிக்கிற உத்தியோகமும் கிடைத்தது. பிறகு இரண்டாம் உலக யுத்தம் வந்தது. ரங்கூன் வழி அடைபட்டது. சீனி பங்கீட்டுக் கூப்பனுக்கு வந்தது. அம்மா தன் தேத்தண்ணீரைப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தார், பேணியின் அடியில் கொஞ்சச் சீனி மட்டும் தொடாமல் கிடந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை. இப்போது அந்தப் பேணி என்னிடம் இருக்கிறது. எனக்குப் பிள்ளை குட்டி இல்லை, தனி ஆள். அயலில் யாருக்காவது நல்லது நடந்தால் அழைப்பில்லாமலே போய் நிற்கிற கிழவி என்று என்னைப் பற்றி ஒரு கதை இருக்கிறது. இருக்கட்டும்.

நான் சொல்ல வந்தது யுத்தத்துக்கு முந்திய ஒரு காலையைப் பற்றி. பல்லுக்கொழுக்கட்டைக்கு அடுத்த சோழகத்தில் குஞ்சையா ரங்கூனுக்குப் போனார். மாரி கழிந்து, மாசியில் நான் கல்லின் மேல் நின்றேன். அடிவானத்தில் ஒரு வெள்ளைத் துண்டு. அதன் கீழ்மூலையில் ஒரு மங்கல். அகன்ற பக்கம், ஒடுங்கிய பக்கம், வால். அது யாருடைய கப்பல் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், ஒரு கணம், ஒரே கணம், என் நெஞ்சு பழைய மாசிக்குப் போய்விட்டு வந்தது. அந்தக் கணத்தை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

பிறகு இறங்கி ஓடினேன். "குஞ்சையா வாறார்!" என்று குஞ்சம்மாவின் படலையில் நின்று கத்தினேன். குஞ்சம்மா ஓடி வந்து என் வாயில் சீனி போட்டார். வாய் நிறையப் பல்லோடு அந்தப் பிள்ளையும் தன் பங்குக்கு ஒரு விரல் சீனியை என் உதட்டில் தேய்த்தது. வேலி ஓட்டையால் குனிந்து வந்த அம்மாவின் கையில் எங்கள் பேணி இருந்தது. பெட்டிக்குள் இருந்த அந்த நல்ல சேலையை உடுத்திருந்தார். எனக்கு முன்னமே அவர் பாயைக் கண்டுவிட்டார் என்பது அப்போதுதான் விளங்கியது. அவரும் ஒரு கணம் எங்கேயோ போய்விட்டுத்தான் வந்திருப்பார்.

"வாயைத் திற," என்றார்.

திறந்தேன்.